வேட்டியின் கரை

ஆலைத் தொழிலாளர் ஊர்வலத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றிவிட்டு, ஊர்வலத்தில் நடந்த ஒருவரின் மகன் என்ற முறையில் வீரபாகுவை அதைப் பார்க்க அழைத்திருந்தார்கள். திரையில் முன்வரிசையில் நடந்துவந்த அப்பாவின் வேட்டிக் கரை, அந்த ஆவணப்படத்தை எடுக்கச் சொன்ன கட்சியின் நிறத்தில் பளிச்சென்றிருந்தது.

"எங்கப்பா எந்தக் கட்சியிலயும் இருந்ததில்ல தம்பி. கரையை மாத்துங்க" என்றார்.

இயக்குநர் இளவேந்தன் சிரித்தான். "கறுப்பு வெள்ளையில அது என்ன கலர்னு யாருக்குய்யா தெரியும்?"

"எனக்குத் தெரியும். அதைத் துவைச்சவன் நான்."

"அப்ப நீங்களே சொல்லுங்க, போட்டுடறோம்."

வீரபாகு தயங்கினார். அது கரையே அல்ல. நைந்துபோன வேட்டியின் விளிம்பில், ஊர்வலத்துக்கு முந்தின நாள், அம்மா தன் பழைய சேலையைக் கிழித்து ஓரம் தைத்திருந்தாள். இல்லாமையை வாசற்படி தாண்ட விடாத குடும்பம். அறுபது வருடமாக இது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஆனால் இப்போது பேசாமல் இருந்தால், நாளை முதல் அப்பா அந்தக் கட்சிக்காரர்.

"அது எங்கம்மா சேலைக் கிழிசல். அப்பாகிட்ட நல்ல வேட்டி இல்ல" என்றார்.

இளவேந்தன் துள்ளி எழுந்தான். "ஐயா, இது இன்னும் பிரமாதம்! கிழிஞ்ச வேட்டியோட எங்க கொடிக்குப் பின்னால வந்தார்னு போட்டுடலாம். அப்படியே கேமரா முன்னாடி சொல்லுங்க."

விளக்கை அவர் முகத்துக்கு நேரே திருப்பினார்கள். வீரபாகு முதுகை நிமிர்த்தி, உதடுகளை இறுக மூடிக்கொண்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்திடாதே" என்று இளவேந்தன் கேமராக்காரனிடம் கிசுகிசுத்தான். "அழப்போறாரு."