பிடுங்கிய கம்பி

தடுப்பூசிக் கிடங்கின் குளிர் அறையிலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்கு வருகிறது. மணிக்கொரு தரம் அதில் ஓடும் லினக்ஸ் மென்பொருள் தானாகவே அறையின் குளிரை அளந்து பார்க்கும். குளிர் கூடினாலோ குறைந்தாலோ, அளவே கிடைக்காமல் போனாலோ மெயில் அனுப்பும். இதுவரை ஒரு மெயில்கூட வந்ததில்லை. கிடங்குப் பொறுப்பாளர் நாகலிங்கம் அதைப் பெருமையாகச் சொல்வார்.

புதிதாக வேலைக்கு வந்த மெர்சிக்கு அந்தப் பெருமைதான் உறுத்தியது. காலை எட்டு மணி ஆகப்போகும் நேரத்தில் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"அளவு கிடைக்கலன்னா இது கத்துதான்னு பாக்கறேன் சார்."

எட்டு மணிக்கு லினக்ஸ் குளிரை அளக்கும் வேலை ஓடி முடிந்தது. இருவரும் மெயில் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வேனில் தடுப்பூசி ஐஸ் பெட்டிகள் ஏறும் சத்தம் கேட்டது. புதன்கிழமை, ஊர் ஊராகக் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். ஏதோ ஒரு ராத்திரி மருந்து உறைந்துபோய்க் காலையில் இளகியிருந்தால், அது கெட்டுப்போனதைச் சும்மா கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

மெயில் வரவில்லை. நாகலிங்கம் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

"பாத்தீங்களா, ஒண்ணும் வரல. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

மெர்சி தன் கையிலிருந்த கம்பியின் நுனியை அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு, வந்திருக்க வேண்டிய மெயில் வராத பெட்டியைப் பார்த்தார்.

டிரைவர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ஏத்தியாச்சு சார். கெளம்பட்டுமா?"