கொழுந்தன் கொடுத்த கிடா

"என்ன திமிர் இருந்தா, என் பிள்ளை சும்மா கொடுத்த கிடாவைத் திருப்பி அனுப்புவா!"

மாமியாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆத்திரப்படாமல் என்ன செய்வாள்?

மூத்தவன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அவன் விட்டுப்போன முப்பது ஆடுகளை வைத்துத்தான் மருமகள் பிழைக்கிறாள். பட்டியில் எல்லாம் பெட்டை. வருஷா வருஷம் இளையவன்தான் தன் கொம்புக் கிடாவைச் சினைக்கு ஓட்டிவந்து விடுவான். பதிலுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. ஊரே அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

இந்த வருஷம் மகாராணி "வேண்டாம்" என்றுவிட்டாள். எங்கேயோ போய் ஒரு சோப்ளாங்கிக் கிடாவை வாங்கிவந்து கட்டியிருக்கிறாள்.

"ஏன்டி, அவன் கிடாவுக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறையும் இல்ல, அத்தை. எனக்கு வேற இனம் வேணும்."

"போன ஈத்துல பாதிக் குட்டி செத்துச்சு. உனக்கு ராசியும் இல்ல, நன்றியும் இல்ல. பட்டியை உன் நிலத்தோட சேர்த்து வாங்கிக்கிறேன்னு அவன் கேட்டுக்கிட்டே இருக்கான். பேசாம வித்துத் தொலை!"

மருமகள் குனிந்து புதுக் கிடாவுக்குத் தழையைப் போட்டாள். அது மாமியாருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

இளையவனுக்கு ஆறுதல் சொல்ல, நேரே அவன் பண்ணைக்குப் போனாள். அவன் வண்டியிலிருந்து கறுப்பு முகத்துக் கிடா ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தான்.

"புதுசு எதுக்குடா? கொம்பன்தான் கல்லு மாதிரி இருக்கானே?"

அவன் சிரித்தான். "உனக்கென்னம்மா தெரியும்! ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரே கிடாவை விட்டா, அது பெத்த பெட்டைங்ககிட்டயே அது சேரும். குட்டி நோஞ்சானா விழும், பாதி செத்துப்போகும். நாலஞ்சு ஈத்துல பட்டியே காலி. நான் தவறாம மாத்திடுவேன்."

"அப்போ கொம்பன்?"

"அவனை என் ஆடுங்ககிட்ட விடுறதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. அவன் அண்ணிக்குன்னே வச்சிருக்கிறது."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிக் கதவைச் சாத்தினான்.

மாமியார் வந்த வழியே விறுவிறுவென்று திரும்பி நடந்தாள்.

மருமகள் தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

எதைக் கேட்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போன ஈத்தப்பவே மாட்டு டாக்டர் சொல்லிட்டார், அத்தை."

"பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? தெருவுல நின்னு உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன்!"

மருமகள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துட்டு நிக்கிறீங்க. மிச்சம் இருக்கிற ஒருத்தரையும் உங்ககிட்ட இருந்து நான் எதுக்குப் பறிக்கணும், அத்தை?"