ஓவர்டைம் போன இடம்

"மலேரியா மருந்துக்குக் காய்ச்சல் கேக்கல. ரத்தத்துல இருக்கற கிருமி வேறயா இருக்கலாம்," என்றார் டாக்டர். "உண்ணி கடிச்சா வர்றது ஒண்ணு இருக்கு. பார்க்க மலேரியா மாதிரியே இருக்கும். போன மாசம் புதர், காடுன்னு எங்கயாவது போனீங்களா?"

மாப்பிள்ளை போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"இல்லையே டாக்டர். வீடு விட்டா அச்சகம், அச்சகம் விட்டா வீடு."

கட்டிலுக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் மாமியார். ஒரு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்த மனைவிக்கு இன்று முடியவில்லை.

"பொய் சொல்றார் டாக்டர். ஓவர்டைம்னு சொல்லிட்டு மூணு நாள் லேட்டா வந்தார். அச்சகத்துக்கு போன் பண்ணா, அஞ்சு மணிக்கே கிளம்பிட்டாராம். பேன்ட் முழுக்க ஒட்டுப்புல் வேற. துவைச்சவ நான்தானே."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மாமியார். "நீதான் கேக்கல."

டாக்டர் பேனாவை மூடினார். "யார் கூடப் போனீங்கன்னு எனக்கு வேண்டாம் சார். புல்லுக்குள்ள போனீங்களா இல்லையா? மருந்தை மாத்தணும். விட்டா கிட்னி வரைக்கும் போயிடும்."

"இவங்களைக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க."

மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது. "நான் நகர மாட்டேன். யாரு அவ?"

மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அத்தையோட பூனை."

மனைவி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"காணோம்னு சோறு தண்ணி இல்லாம அழுதுட்டு இருந்தாங்கல்ல. ரயில் பாதைக்குப் பின்னால புதர்ல தேடினேன். மூணாவது நாள் கிடைச்சுது. ஜன்னல் வழியா உள்ள விட்டுட்டேன்."

"தானா வந்துடுச்சுன்னுல்ல நெனச்சோம்." மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இதைச் சொன்னா என்னவாம்?"

"ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்னு சண்டை போட்டவன் நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல?"

டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டை நீட்டினார். "ஒரு டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கலாம். மருந்தை இன்னிக்கே ஆரம்பிக்கறேன். பயம் வேண்டாம், சரியாயிடும்."

மனைவி கணவரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமியார் மட்டும் எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"பூனையைத் துரத்திவிட்டதே மாப்பிள்ளைதான்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேன். இப்ப ஒவ்வொரு வீடா ஏறி மாத்திச் சொல்ல வேண்டாமா?"