மையில் எழுதிய பெயர்

அழைப்பு மணி அடித்ததும் இனெகே முதலில் செய்த காரியம், நாற்காலியில் கிடந்த நீல நிற மஃப்ளரைச் சுருட்டி ரொட்டிப் பெட்டிக்குள் திணித்ததுதான். ஆண்கள் போடும் மஃப்ளர். பெட்டி சரியாக மூடவில்லை. மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

ஹேட்டி மழைக்கோட்டைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"கை கழண்டு போச்சுடி. நேத்து மச்சினருக்குப் பிறந்தநாள். அவருக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னா விடுவாங்களா? பொண்டாட்டிக்கு, மாமியாருக்கு, பிள்ளைங்களுக்குன்னு குடும்பத்து ஆளுங்க அத்தனை பேருக்கும் கைகுடுத்து வாழ்த்துச் சொல்லிட்டு வரேன். சனிக்கிழமை எங்க வீட்லயே இன்னொண்ணு இருக்கு."

வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து கம்பளிப் பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை சும்மா இருந்தால் ஹேட்டிக்குப் பேச்சு வராது.

"அம்மா இல்லாத வீடு, ஆறு மணிக்கு அப்பாவுக்கு சூப் கொண்டுபோகணும். உப்பு ஜாஸ்தின்னு திட்டு வாங்கணும். அதுக்குள்ள சொல்லு, போன்ல என்ன அப்படி இழுத்தே?"

இனெகே எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். உட்கார்ந்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டி, ஹேட்டி எடுப்பதற்குள் மூடிவிட்டாள். மறுபடியும் எழுந்து அதே ஜன்னலைத் திறந்தாள்.

"எனக்கு ஒருத்தர் இருக்கார்" என்றாள், வெளியே வாய்க்காலைப் பார்த்தபடி.

பின்னல் ஊசி நின்றது.

"ஆளா? உனக்கா? எத்தனை நாளா?"

"ஏழு மாசமா. வியாழக்கிழமை வருவார். கரைப்பக்கமா, பின்வாசல் வழியா."

"ஏழு மாசம்! செவ்வாய்க்கிழமை தவறாம வந்து இந்த நாற்காலியைத் தேய்க்கிறேன், என்கிட்ட மூச்சு விடலையே பாவி! யாரு, அந்த மீன்கடைக்காரனா? அவன்தான் உனக்கு நிறுத்துப் போடும்போது ஒண்ணு கூடப் போடுறான்."

இனெகேவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "அவன் இல்ல. பேரை மட்டும் இப்போ கேக்காத. அவருக்கு ஒருத்தி இருக்கா, ஹேட்டி. அவளுக்குத் தெரிஞ்சா ஒத்துக்கவே மாட்டா."

"போச்சு! கல்யாணம் ஆனவன்!"

இனெகே காப்பியைக் கலக்கினாள். சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சரி, சொல்லாத. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அந்தப் பொம்பளை இடத்துல நான் இருந்தா உன்னைப் பிடிச்சு அந்த வாய்க்கால்ல தள்ளிடுவேன்."

"தெரியும்" என்றாள் இனெகே மெதுவாக.

"மத்தவங்க சொல்லித் தெரிஞ்சா ரெண்டு பேரையும் சேர்த்துத் தள்ளுவேன். நீயே போய் அவ மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிடு. நாலு நாள் கத்துவா. மறைச்சு வைச்சேன்னா ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டா."

இனெகே கோப்பையை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். கணவன் வில்லெமைப் புதைத்த நான்காம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, இதே பின்னல் பையோடு முதலில் வந்து உட்கார்ந்தவள் ஹேட்டி. நான்கு வருடங்களில் ஒரு வாரம்கூட அந்த நாற்காலி காலியாக இருந்ததில்லை. இனிமேல் இருக்குமோ?

"ஹேட்டி, நான் சொல்ல வந்தது..."

"இரு, இரு. இவ்வளவு காப்பியை ஊத்திட்டு இப்போ கதை சொல்லாத. போய்ட்டு வந்துடறேன்." பின்னலை நாற்காலியில் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு நடந்தாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தச் சத்தத்தில்தான் இனெகேவுக்கு உறைத்தது.

பிறந்தநாள் காலண்டர்!

சொந்தக்காரர்களின் பிறந்தநாட்களைக் குறித்து வைக்கும் அது, அந்த ஊரில் எல்லார் வீட்டையும் போல அவள் வீட்டிலும் கழிப்பறைக் கதவின் உள்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. அதில் நவம்பர் மாதத்தில் வில்லெமின் பெயரும் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவையும் இருந்தன. இந்த மாதத்தில், போன வியாழக்கிழமைதான் ஒரு புதுப் பெயரை ஏற்றியிருந்தாள். பின்னால் நின்று பார்த்த அவர், "என் வயசுக்குப் பென்சில்ல எழுதேன்" என்று கேலி செய்தார். அவள் வீம்புக்கு மையில் எழுதினாள். பிறந்த வருடத்தோடு, முழுப் பெயரையும்.

தினமும் பார்ப்பதால் மறந்துபோயிருந்தது. மஃப்ளரை ஒளிக்கத் தெரிந்தவளுக்கு அதைக் கழற்றி வைக்கத் தோன்றவில்லை.

தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது, நின்றது. தாழ்ப்பாள் திறக்கவில்லை. இனெகே எழுந்து பாதி தூரம் போய்த் திரும்பி வந்தாள். ரொட்டிப் பெட்டி மேலிருந்த துண்டைச் சரிசெய்தாள். மறுபடியும் கதவுவரை போனாள். தட்ட எடுத்த கை அந்தரத்தில் நின்றது.

கதவு திறந்தது.

ஹேட்டியின் மூக்கு சிவந்திருந்தது. இவளைத் தாண்டிப் போய்ப் பின்னலைப் பைக்குள் திணித்தாள். நூல் உருண்டை கீழே விழுந்து உருண்டது, அதை எடுக்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள். ஒரு கை உள்ளே போகாமல் இரண்டு முறை தடுமாறியது.

"ஹேட்டி..."

வாசல்வரை போனவள் திரும்பாமலே நின்றாள். வெளியே வாய்க்கால்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

"வாய்க்கால் தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்கு, பொழைச்சுப் போ" என்றாள். பிறகு திரும்பி, ஈரக் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சனிக்கிழமை எங்க அப்பா பிறந்தநாளுக்கு வந்துடு, உனக்கும் கைகுடுத்து வாழ்த்துச் சொல்லணும்ல."