உயர்த்திப் பிடித்த கை

படிப்பை முடித்துச் சில மாதங்களே ஆன அந்த நர்ஸ், நேர்முகத் தேர்வு அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏறி இறங்கிய மருத்துவமனைகளில் எல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இங்கே இருப்பது ஒரே ஓர் இடம். அடுத்து அவள்தான். அவளுக்குப் பின், பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடிக்கும் நெட்டைப் பெண். எதிரே சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். தள்ளிவந்த ஊழியர் குளுக்கோஸ் பையை அவர் மடியிலேயே போட்டுவிட்டு லிஃப்டைப் பார்க்கப் போயிருக்கிறார். பை கைக்குக் கீழே கிடப்பதால், ஊசி குத்திய இடத்திலிருந்து குழாய்க்குள் ரத்தம் சிவப்பு நூலாக ஏறுகிறது. அவள் சட்டென்று எழுந்து பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கிறாள். ரத்தம் தயங்கி, மெல்ல இறங்குகிறது. மாட்டிவைக்கச் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. தோள் கடுக்கிறது. கதவு திறக்க வேண்டுமென்று காலையிலிருந்து கடவுளிடம் கெஞ்சியவள், இப்போது கொஞ்சம் பொறுத்துத் திறக்கட்டும் என்று கெஞ்சுகிறாள். கதவு திறக்கிறது.

"அடுத்தவங்க வாங்க!"

"சார், ஒரு நிமிஷம்..."

"வர முடியலேன்னா அதுக்கடுத்த ஆள் வரட்டும்."

நெட்டைப் பெண் எழுகிறாள். துப்பட்டாவைச் சரிசெய்கிறாள். கதவை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு இவளிடம் வந்து கையை நீட்டுகிறாள். "குடுங்க. ஆணி வேலைக்கு உங்களைவிட நான்தான் பொருத்தம். ஓடுங்க!"

பை ஒரு விரற்கடைகூடத் தாழாமல் கைமாறுகிறது. பெரியவர் அண்ணாந்து பார்க்கிறார்.

"ரெண்டு பேரும் இங்கேதான் நர்ஸாம்மா?"

"இன்னும் இல்லே ஐயா" என்கிறாள் நெட்டைப் பெண், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.