கட்டம் கட்டமாய் ஒரு காதல்

“தமிழ் எழுத்தே இல்லாத போனுக்கு இவர் தமிழில காதல் சொன்னவர், மஹ்ரூப் நானா!” என்று சுபோதினி சிரித்தாள்.

வெள்ளவத்தையில், மஹ்ரூப் நானாவின் போன் திருத்தும் கடை. மேசையில் கிடந்தது பதினைந்து வருடங்களுக்கு முன் அவளுடைய மாமா லண்டனிலிருந்து அனுப்பிய போன். அலுமாரி ஒதுக்கும்போது அகப்பட்டது; பழைய மெசேஜுகள் அதில் அழியாமல் இருந்தன. பக்கத்தில் நின்ற கணவன் லோகேஸ்வரனின் முகத்தில் மட்டும் சிரிப்பைக் காணவில்லை.

“எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாத் தெரிஞ்சிருக்குமே?” என்றார் மஹ்ரூப்.

“ஓம். தமிழ் ஏத்தித் தாங்கோ எண்டு எத்தனை கடை ஏறி இறங்கினன் தெரியுமே?”

“எப்பிடி ஏத்துற? கம்பெனிக்காரன் பூட்டி வெச்சிருந்தானே. சல்லி குடுத்து வாங்கின சாமான்தான், ஆனா அவன் விடாத ஒண்டையும் உள்ளுக்குப் போட ஏலா. புதுப் போனும் அப்பிடித்தான் தங்கச்சி. இந்தப் பழசுட பூட்டை உடைக்க மட்டும் இப்ப வழி ஈக்கி.”

போனைக் கணினியோடு இணைத்துவிட்டு அவர் வேலையில் இறங்கினார்.

சுபோதினியின் மனம் பின்னோக்கி ஓடியது. கணக்கியல் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்து, கேட்டால் மட்டும் வாய் திறக்கும் லோகேஸ்வரன். பாடக்குறிப்பு வாங்க வேண்டுமென்று சாட்டுச் சொல்லி அவனுடைய நம்பரை வாங்கி வைத்திருந்தாள். ஒருநாள் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறி இருந்ததும் அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. உடனே திறந்தால், எல்லாம் வெறும் கட்டங்கள். முடிவில் இருந்த கேள்விக்குறி ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது.

அவளுக்கு அது போதுமாயிருந்தது. வாசிக்க முடியவில்லை என்று சொல்ல வெட்கம். ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினாள்: ‘ஓம். எனக்கும் உங்களைத்தான் விருப்பம்.’

பிறகு கடற்கரை ரயில் பாதையோரம் கைகோத்து நடந்த மாலைகள், கலியாணம், பிள்ளைகள். அந்த மெசேஜில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டால் மட்டும், “மறந்துபோச்சு” என்று நழுவிவிடுவான்.

“சுபோ, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாப்பமே?” லோகேஸ்வரன் அவள் கையைத் தொட்டான்.

“பிள்ளையள் பிறந்த பிறகும் என்னப்பா வெக்கம்?”

“வெக்கமில்லை. அண்டைக்கு உம்மட பதிலைப் பாத்திட்டு எனக்கு நித்திரையே வரேல்ல, தெரியுமே?”

“எனக்கு மட்டும் வந்ததே?” என்றாள் அவள், கண் கலங்க.

“தங்கச்சி, தமிழ் வந்திட்டு!”

மஹ்ரூப் நீட்டிய போனை அவள் ஆசையோடு வாங்கினாள். கடையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரத்து வாசிக்கத் தொடங்கியவளின் குரல், போகப் போக இறங்கியது.

“சுபோதினி, என்ட சிநேகிதன் உமாசுதன் உங்களை விரும்புறான். நேர கேக்கப் பயப்படுறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?”