மஸ்கட்டில் இருப்பவர்

தீப்பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, புதிதாகக் குடிவரும் பெண் ஒதுங்கி நின்றாள்.

"நீங்களே பத்த வைங்க ஆன்ட்டி. எங்கம்மாவால வர முடியல. சுமங்கலி கையால அடுப்பப் பத்த வச்சு பால் காய்ச்சினா நல்லதுன்னு சொன்னாங்க."

அடுப்பு புதிது. பால் பாத்திரம் புதிது. மேடை மட்டும் அவளுடையது. வீடும் அவளுடையதுதான், இப்போதைக்கு.

அவள் கணவர் போய் இன்னும் ஆறு மாதம் முடியவில்லை.

அடுத்த அறையில்தான். காபி கொண்டுபோய் எழுப்பினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

இது குடிவருகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் இந்தப் பாலை இங்கே காய்ச்ச மாட்டார்கள்.

குச்சி முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது. 

இதற்கு முன்பும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். நல்ல காற்று, நல்ல தண்ணீர், ஸ்டேஷன் பக்கம் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். ஏன் காலி செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்கள்தான், திரும்பி வரவில்லை.

ஒருவர் மட்டும் நின்று, என்ன நட்சத்திரத்தில் போனார் என்று விசாரித்தார். அவிட்டம் என்றாள். அடைப்பு உள்ள நட்சத்திரம் ஆயிற்றே, அந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டுமே என்று அவளுக்கே பாடம் நடத்தினார்.

அறையைப் பூட்டலாம். வங்கிக்காரர்கள் வாயைப் பூட்ட முடியுமா?

ஆள் போய்விட்டார், வீட்டுக் கடன் போகவில்லை. தவணைகள் தவறிவிட்டன. இன்னொன்று தவறினால் ஏலம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் தம்பி வீட்டு மாடி அறைக்கு ஒண்டப் போய்விட்டாள். இங்கே வரும் வாடகையை அப்படியே வங்கியில் கட்டினால் வீடு மிஞ்சும்.

அப்போதுதான் புரோக்கர் துளசிங்கம் வழி சொன்னார்.

"அரிச்சந்திரன் வேலையெல்லாம் இங்க வேணாங்கா. சார் மஸ்கட்ல வேலை பாக்குறாருன்னு சொல்லுங்க. நெத்தில ஒரு ஸ்டிக்கர் வச்சுக்குங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லிவிட்டால் என்று கேட்டாள். துளசிங்கம் சிரித்தார். சாவு விழுந்த பில்டிங் என்று பெயர் வந்தால் அவர்கள் ஃப்ளாட்டும்தானே விலை போகாது?

அவர் சொன்னது சரிதான். எதிர் ஃப்ளாட் அம்மாள், அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதவள், இன்று காலை படியில் நின்று நலம் விசாரித்தாள். குடிவருகிறவர்கள் காதில் விழும்படிதான்.

"சார் மஸ்கட்ல சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்றாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது.

பால் பொங்கியது.

கிழக்குப் பக்கமாகப் பொங்கிவிட்டது என்று அந்தப் பெண்ணுக்குக் கொள்ளைச் சந்தோஷம். புருஷன்காரன் செல்போனில் படம் எடுத்தான். ஆன்ட்டியும் நில்லுங்க என்றான். நின்றாள்.

பிறகு அவன் அடுத்த அறைக்குப் போனான்.

"யமுனா, கட்டில ஃபேனுக்கு நேர் கீழ போட்டுரலாமா?"

யமுனா அவளைப் பார்த்தாள்.

"அங்கயே போடுங்க. வேற எங்க போட்டாலும் அலமாரி திறக்காது" என்றாள் அவள்.

யமுனா தாம்பூலத் தட்டை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி. காலில் விழுந்து எழுந்தாள். எழுந்தவளின் நெற்றியில் அவளே தன் கையால் குங்குமம் வைத்துவிட்டாள். பாவம் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததே ஒழிய உறைக்கவில்லை.

"நல்லா இருங்க ரெண்டு பேரும்."

இது மட்டும் பொய்யில்லை.

சின்ன டம்ளரில் பால் வந்தது. சர்க்கரை கூடுதல். குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

"அங்கிள் எப்ப ஆன்ட்டி வருவாங்க?"

இதற்குத் துளசிங்கம் பதில் சொல்லித்தரவில்லை.

"தீபாவளிக்கு" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை. அங்கே சாப்பாடு சரியில்லை, இளைத்துவிட்டார் என்றாள். வந்ததும் வராததுமாக வத்தக்குழம்பு கேட்பார் என்றாள். போனில் இருமினார், டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன், சொன்னால் எங்கே கேட்கிறார் என்றாள். ஒரு பெண்டாட்டி அலுத்துக்கொள்வதுபோல அலுத்துக்கொண்டாள். நாக்கு தானாக ஓடியது. பேசப் பேச நன்றாக இருந்தது.

"வந்தா எத்தன நாள் இருப்பாங்க?"

"பத்து நாள்தான். அதுக்கு மேல லீவு குடுக்க மாட்டாங்களாம்."

"ஐயோ, பத்தே நாளா? பாவம் ஆன்ட்டி நீங்க."

யமுனா நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

அவள் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். முதல் மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மாதம் என்று சொல்லியிருக்கலாம்.